நேராக வந்த குரல்

கைபேசியிலிருந்து கிளம்பும் குரல் எப்படிக் கோணும் என்று கணித்து, முன்கூட்டியே எதிர்ப்புறம் வளைத்து, நேராகக் கேட்கச் செய்வதுதான் தேன்மலரின் வேலை. அவள் உருவாக்கிய புதுக் கைபேசியோ பேசுகிறவர் நாக்கின் கோணலையும் சேர்த்தே நிமிர்த்திவிடும். அதில் முதலாவதைத் தர்மபுரியில் இருக்கும் தம்பி சிலம்பரசனுக்குத்தான் கொடுத்தாள்.

போன வாரம் தம்பி மனைவி பூவிழி கூப்பிட்டாள். "அண்ணி, இவருக்குப் பேச்சு குழறுது."

"எங்கிட்ட போன்ல கணீர்னு பேசறானே! உன் காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும், போ," என்று சிரித்தாள் தேன்மலர்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "பக்கவாதம். குழறின அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்மா. இனிப் பேச்சு திரும்பறது கஷ்டம்."

பூவிழி அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

கட்டிலில் கிடந்த சிலம்பரசன் கோணிய வாயால் ஏதோ சொன்னான். தேன்மலருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்னடா கண்ணு? மறுபடி சொல்லு."

அவன் இடக்கையால் தலைமாட்டைத் துழாவிக் கைபேசியை எடுத்து, பக்கத்தில் நின்ற அக்காவையே கூப்பிட்டான். அவள் தன் கைபேசியைக் காதில் வைத்தாள். குரல் கணீரென்று வந்தது.

"அக்கா, நான் பேசறது உனக்குப் புரியுதில்ல? அப்போ எனக்கு ஒண்ணுமில்லைன்னு இவகிட்ட சொல்லு."

"என்ன சொல்றாரு அண்ணி?" என்று கேட்டாள் பூவிழி.