முப்பத்தேழு 'இது'

அவன் எண்ணிக்கொண்டே கேட்டான். பத்து நிமிடத்தில் முப்பத்தேழு 'இது'. பத்தொன்பது 'அது'.

"இதை இங்கே கொண்டுவந்தால் அது இப்படி மாறிவிடும், பார்த்தீர்களா?" என்றார் இயர்ஃபோனுக்குள் இருந்த பேராசிரியர்.

அவன் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பார்வை கிடையாது.

பத்துக்கு இரண்டு.

குவாண்டம் கம்ப்யூட்டிங்கை இணையத்தில் இலவசமாகச் சொல்லித்தரும் பாடங்களில் இது ஒன்பதாவது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, பார்வையற்ற கணக்குப் பட்டதாரிகளின் வாட்ஸப் குழுவுக்குக் குரல் பதிவாக அனுப்புவது அவன் வேலை. யாரும் கொடுத்ததல்ல. தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

ஐந்து வாரத்தில் இதே பாடத்தில் தேர்வு. தேறினால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பத்து மாதப் பயிற்சி. இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தான். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, பயமாகத்தான் இருந்தது.

முன்பு கேட்டவற்றில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்தில் பின்னணி இசை அருமை. படங்கள் தாமாகவே நகருமாம். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் இசைக்கு.

இன்னொன்றில் சமன்பாடுகளைப் படமாக்கி ஒட்டியிருந்தார்கள். திரையை வாசித்துச் சொல்லும் செயலி "படம், படம், படம்" என்றது. பூஜ்யம்.

பத்தாவதாக வந்தவர் அருளப்பன். பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியர். வீட்டுச் சுவரில் கரும்பலகை மாட்டி, சனிக்கிழமைக்கு ஒரு பாடம் என்று தொடங்கியிருந்தார். முதல் பாடத்தை அறுபது பேர் திறந்திருந்தார்கள்.

"என் போன் கேமராவுல போர்டு சுத்தமா வெளங்காது. அதனால எழுதுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுதேன், கேட்டுக்கிடுங்க."

சொன்னார்.

"ஹடமார்ட் கேட். நாலு நம்பர் உள்ள கட்டம். மேல் வரிசையில ஒண்ணு, ஒண்ணு. கீழ் வரிசையில ஒண்ணு, மைனஸ் ஒண்ணு. மொத்தத்துக்கும் வெளிய, ஒண்ணு பை ரூட் ரெண்டு."

அவன் பிரெயில் தாளில் குத்திக்கொண்டே போனான். தாளைத் திருப்பித் தடவினான்.

இரண்டு வருடமாக வெறும் பெயராக இருந்தது, விரலுக்கடியில் நாலு எண்ணாக இருந்தது. அழுகை வந்தது. அறையில் வேறு யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதான்.

பத்துக்குப் பத்து.

குழுவில் இருநூறு பேர். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மூன்றாவது சனிக்கிழமை அறுபது, ஆயிரத்தைத் தாண்டியது.

நான்காவது சனிக்கிழமை. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். முக்கியமான பகுதி இனிமேல்தான்.

"இவ்வளவு பேரு வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல," என்றார் அருளப்பன். குரலில் அப்படியொரு சந்தோஷம். "அதான் நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிட்டேன். இனிமே நான் தொணதொணன்னு பேச வேண்டாம், நீங்களே பார்த்துக்கிடலாம்."

சாக்பீஸ் கரகரத்தது. நின்றது. மறுபடியும் கரகரத்தது.

"இது வந்துட்டுன்னா, அது போயிரும்."

அவன் எண்ணவில்லை.

உண்மையை எழுதலாம். எழுதினால் மனிதர் பதறிப்போவார். மன்னிப்புக் கேட்பார். அடுத்த பாடத்திலிருந்து அவனுக்கென்று ஒரு தனிக் குரல் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அந்தக் குரலைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டிருக்கிறான். அதற்கு இந்தச் சாக்பீஸ் சத்தமே தேவலை.

வெகுநேரம் யோசித்துவிட்டு, வீடியோவுக்குக் கீழே தட்டினான்.

போர்டு சரியாகத் தெரியவில்லை சார்.

குழுவிலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தான்.

சற்று நேரத்தில் செயலி ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்கத் தொடங்கியது.

கோவை கயல்விழி: எனக்கும் தெரியவில்லை சார்.

கும்பகோணம் இஸ்மாயில்: எனக்கும்.

தருமபுரி மாதையன்: எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சார். முன்புபோல வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் நூற்றுப் பதினான்கு பேர்.

பாளையங்கோட்டையில் அருளப்பன் இந்நேரம் புத்தம்புதுக் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது.