இடக்கை முடிச்சு

ஆமை பட்டால் வலையை அறுத்துவிட வேண்டும் என்பது வனத்துறையின் சட்டம். உவரிக் கடலில் ஜோன்ஸ் அறுத்தான். ஆமை போனது. பொத்தல் வலையைக் கடலிலேயே விட்டுக் கரைக்கு வந்தான்.

மறுநாள் இழுத்தபோது பொத்தல் இல்லை. யாரோ புது நூலில் முடிந்திருந்தார்கள், எல்லாம் இடக்கை முடிச்சு. ஊரில் இடக்கையால் வலை முடிந்தவன் அவன் அண்ணன் வளன் மட்டும்தான். கடலுக்குப் போன வளன் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. அவனுக்கு இறந்தோர் பூசை வைக்க, அவன் பெண்டாட்டி வினோலியா போன வாரம்தான் சம்மதித்திருந்தாள்.

ஜோன்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்த வலையில் அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“பூசை வேண்டாம்னு பங்குச் சாமியார்ட்ட சொல்லிரு.”

“சொல்லுதேன் மைனி. வலையைக் குடுங்க, நாளைக்குக் கடலுக்குப் போணும்.”

வினோலியா கத்தியை எடுத்து, நல்ல வலையில் கையகலம் அறுத்தாள்.

“இந்தா, கொண்டுபோய்ப் போடு.”