சொல்லாமல் விட்டது

சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினான்.

மேஸ்திரி அதைப் பார்க்கக்கூட இல்லை. பீடியை உதட்டோரத்துக்கு மாற்றிக்கொண்டு குதிரையை எடுத்தான்.

கிட்டங்கி வாசலில் மினி லாரி நின்றது. மிளகாய் வத்தல் லோடு. முப்பது மூட்டை. தார்ப்பாயை அவிழ்க்கும் முன்பே காரம் வந்து தொண்டையைப் பிடித்தது. லோடுமேன்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பலகையைச் சுற்றி நின்றார்கள்.

வத்தல் சுமக்க எவனும் வரமாட்டான். அதனால் மேஸ்திரி கொண்டுவந்த வழக்கம் இது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓர் ஆட்டம். தோற்றவன் வத்தல் இறக்க வேண்டும்.

"நான் தோத்தா நானே இறக்குறேம்ல."

வாராவாரம் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான். முதலாளியின் மச்சான். ஒரு மூட்டை தூக்காமல் மேஸ்திரி ஆனவன்.

அதைச் சிப்பாய் தள்ளும் இந்த லோடுமேன் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து எதிரே உட்காருவதும், தோற்று வத்தல் இறக்குவதும் அவன்தான். இது பன்னிரண்டாவது வெள்ளி.

ஆட்டம் சொல்லிக்கொடுத்ததும் மேஸ்திரிதான். யானை நேராகப் போகும். மந்திரி குறுக்கே போகும். குதிரை தாண்டும். சிப்பாய் முன்னால் மட்டும். திரும்பி வராது.

கடைசிக்குப் போய்விட்டால் என்ன என்று அன்றைக்கே கேட்டான்.

"அங்கனயே நிக்கணும். உன்னய மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்று ஆட்டத்தில் அவன் சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போய்ச் சும்மா நின்றது.

வெள்ளியும் சனியும் மகளைத் தூக்க முடியாது. உடம்பெல்லாம் வத்தல் காரம். எட்டு மாதப் பிள்ளை. போன மாதம் மறந்து தூக்கிவிட்டான். அவன் கழுத்தில் முகத்தை வைத்துத் தேய்த்தாள்.

பிறகு அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு செஸ் அட்டை வாங்கினான். டப்பாவுக்குள் மடித்த தாள் இருந்தது. அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பெண்டாட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஓரிடத்தில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். திரும்பப் படிக்கச் சொன்னான். நான்கு தடவை.

இப்போது சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

"வந்துட்டாரு தொரை. நில்லு அங்கனயே."

அவன் கையை நீட்டினான். வெட்டிய காய்களையெல்லாம் மேஸ்திரி சட்டைப்பையில்தான் போட்டுவைப்பான்.

"என் ராணியக் குடுங்க."

மேஸ்திரி சிரித்தான். அவன் மடியிலிருந்து தாளை எடுத்து லாரி டிரைவர் அருளப்பனிடம் கொடுத்தான். அருளப்பன் சத்தமாகப் படித்தார். கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாயை ராணியாக மாற்றிக்கொள்ளலாம்.

"அது வேற ஊரு ஆட்டம்வே."

"எல்லா ஊர்லயும் இதான் மேஸ்திரி. எம் மகன் பள்ளிக்கூடத்துல ஆடுதான்."

ராணி வந்து உட்கார்ந்தது. அதே வரிசையில் மேஸ்திரியின் ராஜா. நடுவில் ஒரு காயும் இல்லை. முன்னால் மேஸ்திரியின் சிப்பாய்களே மூன்று, ராஜா தப்பும் வழியை அடைத்துக்கொண்டு.

மேஸ்திரி வெகுநேரம் பலகையைப் பார்த்தான்.

லோடுமேன்கள் ஒவ்வொருவராகக் கொக்கியைச் சுவரில் மாட்டினார்கள். உட்கார்ந்தார்கள். அருளப்பன் ஹாரன் அடித்தார்.

அவன் லாரிமேல் ஏறினான். இடுப்பிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து கை, கழுத்து, வயிறு எல்லாம் பூசிக்கொண்டான். எப்போதும் பூசுவதுதான். "வேலைக்கு வந்தியா, கலியாணத்துக்கு வந்தியாலே?" என்று எப்போதும் கேட்பான் மேஸ்திரி. இன்றைக்குக் கேட்கவில்லை.

கீழே முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றான் மேஸ்திரி.

மூட்டையைப் பார்த்து வைத்தான் அவன். மெதுவாகத்தான்.

பத்தாவது மூட்டையில் மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டியது. பதினெட்டில் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். முப்பதாவதைப் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் காற்றைத் துழாவினான்.

"தண்ணி... குழா எங்கலே?"

அங்கே மேஸ்திரியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். முதலில் எண்ணெய். ஊறின பிறகு சோப்பு. அதற்கப்புறம்தான் தண்ணீர். வெறும் தண்ணீரை ஊற்றினால் எரியாத இடத்துக்கும் எரிச்சல் இறங்கும்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் லாரிமேல் நின்றவனைப் பார்த்தார்கள்.

பாட்டிலில் பாதி எண்ணெய் இருந்தது.

அவன் லாரியிலிருந்து இறங்கினான். மேஸ்திரியின் முழங்கையைப் பிடித்தான். கல் தடுக்காமல், பள்ளத்தில் கால் வைக்காமல், பதனமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

குழாயைத் திறந்துவிட்டான்.

முழுசாக.