இரண்டு சுண்டு

“மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி. அந்த பாட்டில்ல என்ன லாட் நம்பர்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

கட்டிலில் கிடந்தவர் விற்பனை மேலாளர். வாயாலேயே பந்தல் போடுகிறவர் என்பதால் கம்பெனியில் அவர் பெயரே பந்தல். குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்.

பார்க்க வந்தவள் அதே கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். ஆரஞ்சுப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

நர்ஸ் அப்போதுதான் சலைனை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அதே சலைன் பாதி இறங்கிவிட்டது.

பாட்டிலில் இருந்தது தங்கள் கம்பெனி முத்திரை.

போன மாதம் தயாரித்த சலைனில் இரண்டு லாட், அதாவது இரண்டு தொகுதி, சோதனையில் தேறவில்லை. மூன்றாவதும் போனால் சலைன் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அந்த மூன்றாவதுதான் 417. அதைச் சோதித்த அன்று பந்தல் சோதனைக்கூட வாசலுக்கு நாலு தடவை வந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். லாரி நிற்கிறதாம், நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

நல்ல வார்த்தை சொல்ல வேண்டியது அவளல்ல, நண்டு. குதிரைலாட நண்டின் ரத்தத்தில் செய்த பொடியோடு மருந்தைக் கலந்து, சின்னக் குழாயில் ஒரு மணி நேரம் வெதுவெதுப்பாக வைப்பார்கள். கிருமி செத்தாலும் அதன் விஷம் சாகாது. அது இருந்தால் குழாயில் இருப்பது உறைந்துபோகும், கவிழ்த்தாலும் விழாது. அந்த விஷம் ரத்தத்தில் கலந்தால், அரை மணியில் ஆளை உதறி எடுத்துவிடும்.

நண்டுக்கு விருந்து வைத்துச் சரிக்கட்ட முடியாதே என்று பந்தலே நொந்துகொண்டதுண்டு.

ஒரே நிபந்தனை, அந்த ஒரு மணி நேரம் குழாயை அசைக்கக் கூடாது. உறைந்தது உடைந்தால் மறுபடி சேராது.

ஐம்பதாவது நிமிடம் சூட்டுப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். 417-க்கு வைத்த இரண்டு குழாயிலும் மருந்து உறைந்திருந்தது.

நகத்தால் ஒவ்வொன்றையும் ஒரு சுண்டு சுண்டினாள்.

நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் முன்னால் கவிழ்த்தாள். தண்ணீராக ஓடியது. கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சுண்டு பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷனிடம்கூட.

இப்போதும் நாக்கு நுனியில் வேறொரு நம்பர் தயாராகத்தான் இருந்தது.

“நானூத்திப் பதினேழு சார்,” என்றாள்.

சொல்லிக்கொண்டே, சொட்டை நிறுத்தும் சக்கரத்துக்குக் கையை நீட்டினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கட்டைவிரல் இருந்தது.

பந்தலின் விரல். சக்கரத்தை அது இறுக்கி முடித்திருந்தது. சொட்டு நின்றுவிட்டது.

வாசலில் நிற்பவருக்கு உள்ளே தெரியும்படி சோதனைக்கூடத்துக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருப்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் பந்தலின் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிர்கிறதாம், ஃபேனை நிறுத்த வேண்டுமாம்.

ஃபேன் ஓடவே இல்லை.