நிஷாவின் மூன்றாவது பிறந்தநாள்

"நிஷா, உனக்கு வருஷத்துக்கு எத்தனை பிறந்தநாள்?"

நிவேதிதா மிஸ் கேட்டதும் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு கொல்லென்று சிரித்தது. நாற்பது நீலச் சீருடைகளுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் சுடிதார் எழுந்து நின்றது.

"ஒண்ணுதான் மிஸ்."

"தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு கொண்டாடினே. போன வாரம் ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு. ரெஜிஸ்டர்ல பார்த்தா மார்ச் மாசம்னு இருக்கு!"

நிஷா கையிலிருந்த கடலை மிட்டாயை நீட்டினாள். மிஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணனூரில் இருந்த அந்தப் பள்ளியில் சீருடை விஷயத்தில் சலுகை என்ற பேச்சே கிடையாது. பிறந்தநாள்காரர்கள் மட்டும் கலர் டிரஸ்ஸில் வரலாம். மற்றவர்கள் கேட்டோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இது பிரின்சிபால் ராஜகுமாரி மேடத்தின் சட்டம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆன நிவேதிதாவுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. "இல்லாத வீட்டுப் பிள்ளை, வசதியான வீட்டுப் பிள்ளைன்னு வித்தியாசமே தெரியலை பாருங்க" என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி சொல்வாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாண்டு எல்லார் காதிலும் பூச்சுற்றினால் விட்டுவிட முடியுமா?

லஞ்ச் பெல் அடித்ததும் நேரே கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் எத்திராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெல்ட் போடாமல் வந்த ப்ளஸ் டூ பையன்களையே காலையில் விரட்டியடித்த மனிதர் அவர்.

"நிஷாவை எப்படிண்ணே உள்ளே விட்டீங்க?"

"பொறந்தநாளுன்னு சொல்லிச்சு மிஸ்ஸு."

"ஆறு வாரத்துல மூணு தடவையா?"

"அது இன்னா கணக்கோ, எனுக்கு எப்டித் தெரியும்? இந்த மழையில ஊரே கொழம்பிப் போய்க் கீது. பாப்பாவும் கொஞ்சம் கொழம்பிக்கிச்சு போல!" என்று சிரித்தார்.

நிவேதிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கட்கிழமை மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன். அவளைப் பத்தி மட்டும் இல்ல, உங்களைப் பத்தியும்."

எத்திராஜின் சிரிப்பு நின்றது.

"என்னைப் பத்தி இன்னா வேணா சொல்லிக்கோங்க. பாப்பாவ மட்டும் ஊட்டுக்கு அனுப்ப வெச்சிடாதீங்க மிஸ்ஸு. அவங்கம்மா சுரேகா காலையில ஆறு மணிக்கே கம்பெனி வேன் ஏறிடுது. பூட்டின ஊட்டு வாசல்ல சாயங்காலம் வரிக்கும் குந்திக்கினு இருக்கும்."

"அதுக்காகப் பொய் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை கொட்டித் தீர்த்தது.

திங்கட்கிழமைகளில் ஆசிரியைகள் எல்லோரும் ஒரே மாதிரி மெரூன் புடவையில் வரவேண்டும். பள்ளி கொடுத்தது ஆளுக்கு ஒன்றுதான். நிவேதிதா அதைச் சனிக்கிழமையே துவைத்து ஃபிளாட் பால்கனியில் போட்டிருந்தாள். சாரல் விடாமல் அடித்ததில் அது திங்கட்கிழமை காலையும் சொட்டிக்கொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸை எடுத்தாள், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கைக்குக் கிடைத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கேட்டில் குடையோடு ராஜகுமாரி மேடமே நின்றிருந்தார். பக்கத்தில் எத்திராஜ்.

"நிவேதிதா, என்ன இது? மிஸ்ஸுக்கு ஒரு சட்டம், பிள்ளைங்களுக்கு ஒரு சட்டமா?"

பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நிவேதிதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இருக்கும் ஒரு புடவையும் ஈரம் என்று இத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வது? மானம் போகிறதே!

"மேடம், மிஸ்ஸுக்கு இன்னைக்குப் பொறந்தநாளு" என்றார் எத்திராஜ், கண்ணைக்கூட இமைக்காமல்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "அடடே! வாழ்த்துகள்மா. ஆமா, நிஷாவைப் பத்தி ஏதோ பேசணும்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே?"

"அது... ஒண்ணுமில்ல மேடம். சரியாயிடுச்சு."

தப்பித்தோம் என்று இரண்டடி வைத்தவளை எத்திராஜ் மறுபடி கூப்பிட்டார்.

"மிஸ்ஸு! கிளாசுக்குக் குடுக்க வாங்கியாந்ததை மறந்துட்டுப் போறீங்களே!"

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். அதே கடலை மிட்டாய்.

நிவேதிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வகுப்பில் நுழைந்ததும் 'ஹேப்பி பர்த்டே' கூரையைப் பிளந்தது. ஒவ்வொரு பெஞ்சாக மிட்டாய் கொடுத்துக்கொண்டே போனாள். கடைசி பெஞ்சில் நிஷா. இன்று நீலச் சீருடையில்தான் வந்திருந்தாள். காலரும் கையும் ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தன. இரண்டு தரம் தும்மினாள்.

மிட்டாயை வாங்கிக்கொண்டவள், மிஸ்ஸைக் குனியச் சொல்லி ரகசியமாகக் கேட்டாள்.

"மிஸ், உங்குளுதும் காயலியா?"