தொடைத் திண்டின் பெருமை

சேணத்தில், சவாரி செய்யும் ரெஜினாவின் தொடைக்கு முட்டாகப் புதிதாகத் தைத்த தொடைத் திண்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் பிடிச்சிருக்கேன், அதான் ரெஜினாம்மா கால் ஆடாம நிக்குது!"

"அதுதாண்ணே தொல்லை!" என்றது செவலைக் குதிரை. "அவங்க கால் என் விலாவைத் தொட்டுத்தான் பேசும். நீங்க முட்டுக் குடுத்ததுல முழங்கால் மேல ஏறிப்போச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னைக்குக் குதிரை நாட்டியப் போட்டி வேற!"

திண்டு இன்னும் விறைத்துக்கொண்டது.

பாட்டு தொடங்கியது. செவலை திகைத்து நின்றது. கூட்டம் சிரித்தது. ரெஜினா பதறித் தொடையை அழுத்தினாள். படார்! திண்டின் தையல் விட்டுப் பஞ்சு கொட்டியது. அவள் கால் நீளமாக இறங்கி, விலாவை மெல்லத் தொட்டது.

"கேக்குது! கேக்குது!" செவலை ஆடிய ஆட்டத்தில் சிரித்த கூட்டமே எழுந்து கைதட்டியது.

சப்பையாகத் தொங்கிய திண்டு சொன்னது: "பாத்தியா, எப்படிப் பிடிச்சேன்!"