ஆறு வட்டங்கள்

ஈசிஜி அறைக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருடமாக அந்தக் கட்டிலில் மற்றவர்களைப் படுக்கவைத்துப் படம் எடுத்தவள். இன்றுதான் தானே படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஈசிஜி அக்கா.

காலை பத்தரைக்குத் தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தாள். பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் வியர்வை ஊற்றியது.

நெஞ்சில் மட்டும் ஒன்றும் இல்லை. அதுதான் வம்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

குருவிதான் படம் எடுத்தாள். குருவி என்பது இன்னொரு டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரி வைத்த பேர். உடம்பும் அப்படி, ஓயாத வாயும் அப்படி. அக்காவின் சட்டைக்கு அடியில் கையை விட்டு, ஆறு ரப்பர் குமிழ்களையும் தடவித் தடவிக் கவ்வவைத்து, மெஷினைத் தட்டிவிட்டாள்.

டியூட்டி டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அக்காவின் மூத்த மகனைவிட இரண்டு வயது பெரியவராக இருந்தால் அதிகம்.

"நார்மலாத்தான்கா இருக்கு. கேஸா இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுங்க, சரியாயிடும்."

கேஸ். அந்த வார்த்தையை இதே அறையில் எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆம்பளைக்கு வந்தால் அடைப்பு, பொம்பளைக்கு வந்தால் வாயு.

பாதி திறந்த கதவு வழியே வெளியே பெஞ்சு தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவளுடைய ஷிஃப்ட் பார்த்து வந்த பெண்கள். யாரையும் கூசவைக்காமல் மானமாக எடுத்து அனுப்புவாள் என்று அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது. மடியில் பச்சைக் குடை வைத்திருந்த அம்மா போன வாரம் வந்து கேஸ் மாத்திரையோடு போனவள். இன்று மறுபடியும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எழுந்திரிங்கக்கா. வெளியே ஆளுங்க காத்திட்டிருக்காங்க," என்றார் டாக்டர்.

அவள் எழுந்திருக்கவில்லை. சாவது என்றால் இந்தக் கட்டிலிலேயே, இந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே சாவது என்று முடிவு செய்துவிட்டாள். அப்புறம் கேஸ் என்று எழுத முடியாது அல்லவா.

அந்தக் காகிதத்தை அவள் ஒரு வினாடிகூட நம்பவில்லை. குமிழ் இடம் தப்பினால் கோடும் பொய் சொல்லும். குருவி எங்கே வைத்திருப்பாள் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

"இறங்க மாட்டேன். இன்னொரு தடவை எடுங்க. சட்டையைத் திறந்து, எலும்பை எண்ணி வச்சு எடுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். குருவி அழுகிற முகத்தோடு நின்றாள். இவர்களுக்காகக் காத்திருந்தால் கதை முடிந்துவிடும் என்று அக்காவே தன் பொத்தான்களைக் கழற்றினாள். ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. மூன்று பிள்ளைகள் பால் குடித்த நெஞ்சு, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். குருவி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் தன் விலா எலும்புகளைத் தானே விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாவது இடுக்கில் விரலை அழுத்தி, "இங்க," என்றாள்.

மெஷின் முனகியது. காகிதம் நகர்ந்தது.

டாக்டரின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. படுத்துக் கிடக்க வேண்டிய கோடு மேடு கட்டி நின்றது. ஹார்ட் அட்டாக்தான்.

அப்புறம் எல்லாம் ஓட்டம். மாத்திரையைக் கடித்து மெல்லச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. அடைப்பைத் திறக்கும் அறைக்குப் போன் பறந்தது.

முகமூடியில் ஆக்ஸிஜன் வந்துகொண்டிருந்தது. குமிழ்களைக் கழற்றப் போன குருவியின் கையை டாக்டர் தடுத்தார். முதல் தடவை கவ்விய தடம், ஆறு சிவப்பு வட்டங்கள், தோலில் இன்னும் மறையவில்லை. குமிழ்கள் இப்போது இருந்த இடத்துக்கு ஆறு வட்டமும் இரண்டு விரற்கடை கீழே கிடந்தன.

"துணிக்குள்ள கையை விட்டுக் குருட்டாம்போக்கில வைக்க உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

குருவி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பேசுகிறவள், வேலையே போனாலும் இதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாள் போலிருந்தது.

அவள் மேல் போர்வையை இழுத்துவிட்டுக் கட்டிலோடு தள்ளினார்கள். கதவு திறந்தது. பெஞ்சிலிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் ஒரு கையால் முகமூடியை விலக்கினாள். மற்றக் கையை, வகுப்பில் பேர் கூப்பிடும்போது தூக்குவதுபோல், உயரத் தூக்கினாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன், டாக்டர். பதினெட்டு வருஷமா நானும் அப்படித்தான் வச்சேன்."

தூக்கிய கையை இறக்காமல் பச்சைக் குடைக்காரியின் பக்கம் திருப்பினாள்.

"குருவி, அடுத்து அந்த அம்மா. பொத்தானைக் கழட்டி எடு."